வெட்டுப்பட்ட செடி புதுத் தளிரை எங்கிருந்து எடுக்கிறது?

ஏப்ரல், மே மாதங்களில் பெங்களூரில் எந்தத் தெருவில் நடந்தாலும் மொட்டையடித்த மரம் ஒன்றாவது கண்ணில் படும். கிளை மின்கம்பியில் உரசுகிறது, கோடைமழைக் காற்றில் முறிந்து விழும் என்று சொல்லித் தூங்குமூஞ்சி மரத்தையும் புங்கையையும் அடிமரம் மட்டும் மிஞ்சும்படி வெட்டிவிட்டுப் போவார்கள். நாலு மழை பெய்ததும் அந்த மொட்டை மரத்தில் கொத்துக் கொத்தாகத் துளிர் வரும், நாமும் "மரம்னா வெட்ட வெட்டத் தழையும்" என்று சொல்லிக்கொண்டே கடந்து போய்விடுவோம். சரி, தழைகிறது. ஆனால் அந்தத் துளிர் எங்கிருந்து வந்தது? வெட்டுப்பட்ட பிறகு மரம் அதைப் புதிதாக உண்டாக்கியதா, இல்லை ஏற்கெனவே கைவசம் வைத்திருந்ததா?

இந்தக் கேள்வியை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். செடிகளின் மறுவளர்ச்சி பற்றிப் பேசும்போது இரண்டு வேறு வேறு சங்கதிகளை நாம் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். ஒன்று, முன்பே உருவாகித் தூங்கிக்கொண்டிருந்த மொட்டு விழித்துக்கொள்வது. இன்னொன்று, மொட்டே இல்லாத இடத்தில், இலையாகவோ தண்டாகவோ பிழைத்துக்கொண்டிருந்த செல்கள் அந்த வேலையை விட்டுவிட்டுப் புது வேரையோ புதுத் தண்டையோ அடியிலிருந்து கட்டி எழுப்புவது. வெளியே நின்று பார்த்தால் இரண்டிலும் தெரிவது பச்சைத் துளிர்தான். உள்ளே நடப்பது முற்றிலும் வேறு.

முதல் வகை சுலபம். எந்தச் செடியிலும் இலைக்காம்பு தண்டோடு சேரும் கக்கத்தை உற்றுப் பாருங்கள், சின்னதாக ஒரு புடைப்பு இருக்கும். பாடப்புத்தகத்தில் கோண மொட்டு என்று படித்திருப்பீர்கள். பெரும்பாலான செடிகளில் கணுவுக்கு ஒன்றாவது உண்டு. தண்டின் நுனி வளர்ந்துகொண்டிருக்கும் வரை அது சும்மா கிடக்கும், நுனியைக் கிள்ளினால் கிளம்பிவிடும். துளசியில் கதிர் வந்ததும் கிள்ளிவிடு, செடி புதராகும் என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வது இதை நம்பித்தான்.

நுனி எப்படி மற்ற மொட்டுகளை அடக்கி வைக்கிறது? 1930-களில் கென்னத் திமான், ஃபோல்கே ஸ்கூக் என்ற இருவர் செடியின் நுனியை வெட்டிவிட்டு, வெட்டிய இடத்தில் ஆக்சின் என்ற ஹார்மோனை வைத்துப் பார்த்தார்கள். நுனி போன பிறகும் கீழ் மொட்டுகள் தூங்கிக்கொண்டே இருந்தன. ஆக, நுனியிலும் இளம் இலைகளிலும் உண்டாகித் தண்டு வழியே கீழே இறங்கும் ஆக்சின்தான் காவல்காரன் என்று வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு சிக்கல். இறங்கிவரும் ஆக்சின் அந்த மொட்டுக்குள் நுழைவதே இல்லை. அப்புறம் 2008-ல் ஸ்ட்ரைகோலாக்டோன் என்ற இன்னொரு ஹார்மோன் கூட்டம் கிளைப்பதைத் தடுக்கிறது என்று தெரியவந்தது. 2014-ல் ஆஸ்திரேலியாவில் பட்டாணிச் செடியை வைத்துச் செய்த ஆய்வு இன்னும் சுவாரசியம்: நுனியை வெட்டியதும், ஆக்சின் குறைந்துபோன சேதி தண்டில் கீழே வந்து சேருவதற்குள்ளாகவே அடி மொட்டுகள் அசையத் தொடங்கிவிட்டன. காரணம் சர்க்கரை. வளரும் நுனிக்குச் சர்க்கரைப் பசி அதிகம். அந்த வாய் போனதும் மிச்சப்பட்ட சர்க்கரை கீழ் மொட்டுகளுக்குப் பாய்கிறது, மொட்டு முதலில் விழிப்பது அதனால். ஹார்மோன் கணக்கெல்லாம் அதற்குப் பிறகுதான்.

மொட்டை மரத்துக்கு வருவோம். பல மரங்களில் பழைய கக்க மொட்டுகள் பட்டைக்கு அடியிலேயே வருடக்கணக்கில், மரம் பருக்கப் பருக்கக் கூடவே வெளிப்பக்கம் நகர்ந்துகொண்டு, உயிரோடு கிடக்கும். மேலே கிளைகள் போனதும் அவை வெடித்துக் கிளம்புகின்றன. காட்டுத்தீயில் கரிந்த யூகலிப்டஸ் அடிமரம் முழுக்கத் தளிர் போர்த்திக்கொண்டு நிற்பதும் இப்படித்தான். எனவே தெருவோரத்து மரம் தழைத்ததில் பெரும்பங்கு இருப்பிலிருந்து எடுத்த செலவு. இந்தத் துளிர்களைப் பார்த்து மரம் பிழைத்துவிட்டது என்று முழுக்க நிம்மதி அடையவும் முடியாது. சாதாரணக் கிளை, தண்டோடு சேர்ந்தே வளர்ந்து, ஆண்டுக்காண்டு ஒன்றுக்குள் ஒன்றாகப் பின்னிய மரக்கட்டையில் ஊன்றியிருக்கும். இந்தத் திடீர்க் கிளைகளோ வெளி அடுக்கில் மட்டும் ஒட்டிக்கொண்டு, கனமும் நீளமுமாக வேகமாக வளர்கின்றன, சில வருடம் கழித்து வரும் ஒரு பெருங்காற்றில் முதலில் முறிவது அவைதான். காற்றில் விழக்கூடாது என்று மொட்டையடிப்பதில் உள்ள அபத்தம் இது, ஆனால் வருடா வருடம் நடக்கிறது.

இருப்பில் மொட்டு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ளத் தென்னையைப் பார்த்தால் போதும். தென்னைக்கு ஒரே குருத்து. அது போனால் மரம் போச்சு, பாக்கும் அப்படியே. வாழை வேறு கணக்கு: நாம் தண்டு என்று வெட்டுவது இலையுறைகளின் சுருள், வளரும் புள்ளியும் பக்கக் கன்றுகளின் மொட்டுகளும் மண்ணுக்குள் கிழங்கில் பத்திரமாக இருக்கின்றன.

இனி இரண்டாவது வகை. எனக்குப் பிடித்தது இதுதான்.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்ணால் பார்க்க ஒரு தம்ளர் தண்ணீர் போதும். மணி பிளான்ட்டிலிருந்து ஓர் இலையைக் கணுவோடு சேர்த்து ஒரு துண்டாகவும், இன்னோர் இலையைக் கணு இல்லாமல் காம்போடு மட்டும் கிள்ளியும் தண்ணீரில் போட்டு வையுங்கள். கணு இருக்கிற துண்டு வேர் விட்டு, கொஞ்ச நாளில் தளிரும் விடும். வெறும் காம்பு இலையும் வேர் விடக்கூடும், மாதக்கணக்கில் பச்சையாகவும் இருக்கும், ஆனால் கொடி வராது. அதனிடம் மொட்டு இல்லை, புதிதாக மொட்டு செய்யவும் அதற்கு வராது. வேர் மட்டும் எப்படி வந்தது? அந்தக் காம்பில் வேருக்கென்று எதுவும் காத்துக்கொண்டிருக்கவில்லை. அங்கிருந்த செல்கள் வேராக மாறியிருக்கின்றன.

முருங்கைப் போத்து இன்னும் நல்ல உதாரணம், ஏனென்றால் அந்த ஒரே குச்சியில் இரண்டு வகையும் நடக்கிறது. மழைக்கு முன்னால் கை பருமன் கிளையை வெட்டி ஊன்றுகிறோம். மேலே வரும் துளிர் பழைய மொட்டு, கீழே வரும் வேர் புதுக் கட்டுமானம். அதனால்தான் துளிரைப் பார்த்துப் போத்து பிடித்துவிட்டது என்று நம்பக்கூடாது என்பார்கள். குச்சிக்குள் சேர்த்து வைத்த மாவுச்சத்தை வைத்தே மொட்டு விரிந்துவிடும். வேர் வராவிட்டால் அந்த இலைகள் சில வாரத்தில் தொங்கிவிடும். லால்பாக் பக்கத்து சித்தாபுரா நர்சரிகளில் அனுபவப்பட்டவர்கள் குச்சியை லேசாக அசைத்துப் பார்ப்பார்கள், மண் பிடித்து இழுத்தால்தான் அடுத்த பேச்சு.

வெட்டு விழுந்த கணத்திலிருந்து அந்தக் குச்சிக்குள் என்ன நடக்கிறது என்று வரிசையாகப் பார்ப்போம். பெரும்பாலான விவரம் அராபிடாப்சிஸ் என்ற கடுகுக் குடும்பத்துக் குட்டிச் செடியில் கண்டுபிடித்தவை. ஆய்வகங்களின் செல்லப்பிள்ளை அது.

கத்தி பட்டதும் செல்கள் கிழிகின்றன, உள்ளிருந்தவை வெளியே கொட்டுகின்றன. அதில் குளூட்டமேட்டும் உண்டு, நம் மூளையின் நரம்புகள் சேதி சொல்லப் பயன்படுத்தும் அதே மூலக்கூறு. பக்கத்துச் செல்கள் அதை உணர்ந்ததும் கால்சியம் அலை ஒன்று கிளம்பி இலை விட்டு இலை ஓடுகிறது. 2018-ல் இதை ஒளிரும் புரதத்தை வைத்து நேரடியாகப் படம் பிடித்தார்கள், வேகம் கிட்டத்தட்ட விநாடிக்கு ஒரு மில்லிமீட்டர். அடுத்து ஜாஸ்மோனிக் அமிலம் ஏறுகிறது. இதன் உறவான மெத்தில் ஜாஸ்மோனேட்டை முதலில் பிரித்தெடுத்தது மல்லிகை எண்ணெயிலிருந்து, 1962-ல். பூவில் மணமாக இருப்பது காயத்தில் அபாயச் சங்காக வேலை செய்கிறது. பூச்சி கடித்தாலும் இது ஏறும், கத்தி பட்டாலும் ஏறும். முதலில் தற்காப்பு, அப்புறம் கட்டுமானம்.

அந்தக் கட்டுமானத்துக்கு எப்படி மாறுகிறது? வெட்டிய இலைக்காம்பில் ஜாஸ்மோனிக் அமிலம் சில நிமிடங்களில் ஏறி, ஒரு மரபணுவைத் தட்டி, அது ஆக்சின் தயாரிக்கும் தொடர்வேலையை முடுக்கிவிட்டு, சில மணி நேரத்திலேயே இறங்கிவிடுகிறது. இறங்குவது முக்கியம். ஏறியபடியே நின்றால் வேர் வராது. 2019-ல் ஷாங்காய் ஆய்வுக்குழு இந்தச் சங்கிலியை வெளியிட்டது. இப்படிப் புதிதாகத் தயாரான ஆக்சின் வெட்டுமுனையை நோக்கி நகர்ந்து, போக வழியில்லாமல் அங்கேயே குவிகிறது. நீரும் சர்க்கரையும் போய்வரும் குழாய்த்திசுவை ஒட்டியிருக்கும் செல்களில் சில அந்தக் குவியலைக் கண்டதும் வேர் உண்டாக்கும் மரபணுக்களை எழுப்புகின்றன. வாரம் பத்து நாளில் காம்பின் முனையில் வெள்ளை நுனி தெரியும். நர்சரியில் விற்கும் வேர் பிடிக்கும் பொடியில் இருக்கும் ஐ.பி.ஏ.வும் ஆக்சின் வகைதான். செடி தானே குவிப்பதை நாம் கொஞ்சம் கூட்டிக் கொடுக்கிறோம், அவ்வளவே.

ஆக்சினுக்குத் திசை உண்டு, நுனியிலிருந்து அடிக்குத்தான் போகும், குச்சியைத் தலைகீழாகப் பிடித்தாலும் சரி. 1878-லேயே ஜெர்மனியில் ஹெர்மன் ஃபோக்டிங் வில்லோ குச்சிகளைத் தலைகீழாகத் தொங்கவிட்டுப் பார்த்தார். முன்பு அடியாக இருந்த முனைதான், இப்போது மேலே இருந்தபோதும், வேரை அதிகம் விட்டது. குச்சிக்குத் தன் அடி எது, நுனி எது என்று மறக்கவில்லை. ஆக்சினைச் செல்லுக்கு வெளியே தள்ளும் பம்புப் புரதங்கள் ஒவ்வொரு செல்லிலும் அடிப்பக்கத்துச் சுவரில் உட்கார்ந்திருப்பதுதான் காரணம் என்று தெரிய இன்னும் நூறு வருடத்துக்கு மேல் ஆனது. ஆகவே போத்து ஊன்றுபவர்கள் அடியைச் சாய்வாகவும் நுனியை மட்டமாகவும் வெட்டி வைத்துக்கொள்வது வெறும் பழக்கம் கிடையாது. இலை உதிர்ந்த குச்சியில் எது மேல் எது கீழ் என்று கண்ணால் சொல்ல முடியாது, வெட்டைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பதியன் போடுவதும் இதே கணக்குத்தான். கொய்யாவிலோ மாதுளையிலோ கிளையைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்குப் பட்டையை வளையமாக உரித்துவிட்டு, ஈரப் பாசியோ தென்னைநார்க் கழிவோ வைத்து பிளாஸ்டிக்கால் கட்டுகிறோம். நீர் ஏறும் சைலம் உள்ளே கட்டையில் இருப்பதால் இலைக்குத் தண்ணீர் குறையவில்லை. இறங்கிவரும் சர்க்கரைக்கும் ஆக்சினுக்கும் பட்டைப்பக்கம்தான் வழி, அது அறுந்துவிட்டது, எனவே வளையத்துக்கு மேல் விளிம்பில் இரண்டும் குவிந்து வேர் கிளம்புகிறது. இதே வளையத்தை அடிமரத்தில் போட்டால் மரம் மெல்லச் சாகும், வேருக்குச் சாப்பாடு போகாதே. விளம்பரப் பலகையை மறைக்கிறது என்று ராத்திரியில் மரத்தைக் கொல்ல வருபவர்களுக்கும் இந்தத் தாவரவியல் தெரிந்திருக்கிறது.

வேர் வருவது இவ்வளவு சுலபமாக இருக்க, தண்டு வருவது மட்டும் ஏன் கஷ்டம்? மணி பிளான்ட் இலை ஏன் பாதியில் நின்றுவிட்டது?

இதற்குப் பதில் கிடைத்த வழியே ஒரு கதை. ரோஜாக் குச்சியை வெட்டி வைத்தால் சில நாளில் வெட்டுமுனையில் வெளிறிய, பருபருவென்ற சதை வளையம் ஒன்று திரளும், அதற்குப் பெயர் காலஸ். செல்கள் பிரிந்து பெருகிக்கொண்டே இருக்கும், இலை என்றோ வேர் என்றோ எந்த உருவமும் எடுக்காது. செடியின் எந்த உயிருள்ள செல்லையும் தனியே எடுத்து வளர்த்தால் முழுச் செடி ஆக்கலாம் என்று 1902-ல் காட்லீப் ஹேபர்லாண்ட் எழுதினார், முயன்றும் பார்த்தார், நடக்கவில்லை. அன்றைக்கு ஹார்மோன் என்று எதுவும் தெரியாது. 1941-ல் இளம் ஊமத்தைக் கருக்களை வளர்க்கத் திணறிக்கொண்டிருந்தவர்கள் தேங்காய்த் தண்ணீரை ஊற்றிப் பார்த்தார்கள், வளர்ந்தன! தேங்காய்த் தண்ணீர் என்பது தென்னங்கருவுக்கு ஊட்ட வைத்திருக்கும் திரவச் சத்து, செல் பிரிவைத் தூண்டும் சைட்டோகைனின் என்ற ஹார்மோன்கள் அதில் உண்டு என்பது பின்னால் தெரிந்தது. 1955-ல் அந்த வகை மூலக்கூறு ஒன்று முதல்முதலாகக் கையில் சிக்கியதோ ஹெர்ரிங் மீனின் விந்தணு டி.என்.ஏ.வைச் சூடாக்கியபோது. கைனடின் என்று பெயர் வைத்தார்கள். கோயில் வாசலில் உடைத்த தேங்காயிலும் மீன் விந்திலும் தேடித்தான் தாவரவியலின் பெரிய கதவு ஒன்று திறந்தது.

1957-ல் ஸ்கூக் (மேலே பார்த்தோமே, அவரேதான்) கார்லோஸ் மில்லருடன் சேர்ந்து, புகையிலைத் தண்டின் உட்சோற்றை எடுத்து ஆக்சினையும் சைட்டோகைனினையும் வெவ்வேறு விகிதத்தில் கலந்து ஊட்டிப் பார்த்தார். ஆக்சின் தூக்கலாக இருந்தால் வேர். சைட்டோகைனின் தூக்கலாக இருந்தால் தண்டும் இலையும். இரண்டும் நடுவாக இருந்தால் வெறும் காலஸ். எந்த உறுப்பு என்று முடிவு செய்வது அளவு கிடையாது, விகிதம். இன்று திசு வளர்ப்பு ஆய்வகங்களில் கண்ணாடிக் குப்பிக்குள் நடக்கும் அத்தனைக்கும் அடித்தளம் இந்த ஒரு கட்டுரை என்று சொன்னால் மிகையில்லை.

இந்த ரகசியத்தை நமக்கு முன்பே கண்டுபிடித்த ஒரு பாக்டீரியாவும் உண்டு. அக்ரோபாக்டீரியம், காயம் பட்ட இடம் வழியே நுழைந்து, ஆக்சினையும் சைட்டோகைனினையும் தயாரிக்கும் மரபணுக்களைச் செடியின் டி.என்.ஏ.வுக்குள் செருகிவிடும். செடி தன் செலவில் ஒரு கழலையை வளர்த்து, அதில் பாக்டீரியாவுக்குச் சாப்பாடும் போடும். ரோஜாவின் அடித்தண்டில் கரடுமுரடாக உருண்டை பார்த்தால் அந்தச் செடியை எடுத்து அப்புறப்படுத்துங்கள், அந்தக் கத்தியால் அடுத்த செடியைத் தொடாதீர்கள்.

காலஸ் என்பது எல்லா அடையாளத்தையும் மறந்துவிட்ட செல்களின் கூட்டம், கருவுக்குச் சமம் என்றுதான் ரொம்ப நாள் பாடம் நடத்தினார்கள். 2010-ல் அமெரிக்காவில் செய்த ஓர் ஆய்வு அந்தப் படத்தைக் கலைத்தது. வேரிலிருந்து எடுத்தாலும், இலையிலிருந்து எடுத்தாலும், பூவிதழிலிருந்தே எடுத்தாலும், ஆக்சின் ஊட்டி வளர்த்த காலஸ் உள்ளுக்குள் ஒரு பக்கவேரின் தொடக்கத்தை ஒத்திருந்தது, வேர்நுனியின் மரபணுக்கள்தான் அதில் வேலை செய்துகொண்டிருந்தன. குழாய்த்திசுவை ஒட்டி, பக்கவேர் விடுவதற்கென்றே தயாராக இருக்கும் ஒரு வகைச் செல்கள் செடி முழுக்க இருக்கின்றன, காலஸ் கிளம்புவது அவற்றிலிருந்து. அதாவது இந்த வழியில் செடி முதலில் வேரின் பாதையில்தான் காலை வைக்கிறது. தண்டு வேண்டுமானால் அந்தப் பாதையில் போய்விட்டு, சைட்டோகைனின் வந்து வுஷல் என்ற மரபணுவை எழுப்பி, வளர்நுனியின் மையம் ஒன்று புதிதாக அமைந்து, திரும்பி வரவேண்டும். ஒரு கூடுதல் திருப்பம். எல்லாச் செடிக்கும் அந்தத் திருப்பம் கைகூடுவதில்லை.

கைகூடும் செடிகளும் நம் பால்கனியிலேயே இருக்கின்றன. பெங்களூர்க் குளிருக்கு நன்றாக வரும் ரெக்ஸ் பிகோனியாவின் இலையை நரம்பில் கீறி ஈரமண்ணில் படியப் போட்டால் கீறிய இடமெல்லாம் குட்டிச் செடி. ஆப்பிரிக்கன் வயலெட்டின் ஒற்றை இலைக்காம்பு போதும். பாம்புச்செடி இலையைத் துண்டு போட்டு நட்டால் மெதுவாகக் கன்று வரும். அதில் ஒரு வேடிக்கை: ஓரத்தில் மஞ்சள் பட்டை உள்ள வகையின் இலைத்துண்டிலிருந்து வரும் கன்று வெறும் பச்சையாக வரும். அந்த இலையில் மரபில் வேறுபட்ட இரண்டு வகைச் செல்கள் அடுக்காக இருக்கின்றன. புதுக் கன்று அவற்றில் பச்சை வகைச் செல்களிலிருந்து மட்டும் எழுந்ததால் மஞ்சளை விட்டுவிட்டது. மண்ணடியிலிருந்து தானாக வரும் பக்கக் கன்றைப் பிரித்து நட்டால் மஞ்சள் அப்படியே இருக்கும், அது மொட்டிலிருந்து வந்தது. காசு கொடுத்து வாங்கிய மஞ்சள் ஓரம் போய்விட்டதே என்று நர்சரிக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். ரணகள்ளியை இந்தப் பட்டியலில் நான் சேர்க்கவில்லை. அதன் இலையோரக் குழிவுகளில் கன்று விடுவதற்கென்றே ஒதுக்கி வைத்த செல்கள் இருக்கின்றன, ஆகவே அது முதல் வகைக்கு நெருக்கம்.

நம் நாட்டுப் பங்கும் இதில் சின்னதில்லை. 1964-ல் தில்லிப் பல்கலைக்கழகத்தில் சிப்ரா குஹாவும் எஸ்.சி. மகேஷ்வரியும் ஊமத்தையின் மகரந்தப்பையைக் குப்பியில் வளர்த்தபோது மகரந்தத் துகளிலிருந்தே கருக்கள் எழுந்தன. உலகமே இன்றும் பின்பற்றும் முறை அது. இங்கே பெங்களூரில், இந்திய அறிவியல் கழகத்தில் லட்சுமி சீதாவின் குழு 1979-ல் சந்தனத் தண்டின் காலஸிலிருந்து கருக்களையும் செடிகளையும் எடுத்தது.

எல்லாம் வளரும் என்றும் நினைத்துவிட வேண்டாம். இலையில் புழு ஓட்டை போட்டால் அந்த ஓட்டை இலை உதிரும்வரை ஓட்டைதான். ஆனால் நடுநரம்பு அறுந்தால் செடி அதைச் சும்மா விடுவதில்லை, அறுந்த இடத்தைச் சுற்றி வளைத்துப் புது நரம்பு போட்டு இணைக்கப் பார்க்கும். இதற்கு எந்த மரபணுக்கள் கூடிவேலை செய்கின்றன என்று 2020-ல் காட்டியது திருவனந்தபுரத்தில் ஐசர் என்ற மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆய்வு நிறுவனத்தில் இருந்த காளிகா பிரசாத்தின் குழு. வேர்நுனியைச் சீவிவிட்டாலும் அராபிடாப்சிஸ் சில நாளில் அதைத் திரும்பக் கட்டிவிடுகிறது. இன்னும் நுணுக்கமாக, வேரில் ஒரே ஒரு செல்லை லேசரால் கொன்றால், அதற்கு உட்பக்கத்தில் இருக்கும் செல் வழக்கமான திசையை மாற்றிப் பிரிந்து, மகள் செல்லை அந்தக் காலி இடத்துக்கு அனுப்புகிறது, வந்து சேர்ந்த செல் செத்துப்போனதன் வேலையை எடுத்துக்கொள்கிறது. நம் உடம்பில் காயத்துக்குச் செல்கள் ஓடிவரும். செடியில் ஒவ்வொரு செல்லும் சுவருக்குள் கட்டுண்டது, எங்கேயும் நகர முடியாது, எனவே யார் பக்கத்தில் இருக்கிறாரோ அவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மரத்தின் பெரிய காயம் மட்டும் உண்மையில் ஆறுவதே இல்லை. அமெரிக்க வனத்துறையில் இருந்த அலெக்ஸ் ஷிகோ ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்காக அறுத்துப் பார்த்துச் சொன்னது இது: மரம் கெட்ட பகுதியைச் சுற்றித் தடுப்புச் சுவர் எழுப்பி, அதை அப்படியே உள்ளே பூட்டிவிட்டு, மேலே புதுக் கட்டையை வளர்க்கிறது. பழைய காயம் கடைசிவரை உள்ளேயே இருக்கும். எனவே கிளையை நீக்க வேண்டியிருந்தால், அது தண்டோடு சேரும் இடத்தில் மோதிரம் மாதிரி வீங்கிய பகுதிக்குச் சற்று வெளியே வெட்ட வேண்டும், அந்தத் தடுப்பு உருவாவது அங்கேதான். தண்டோடு ஒட்டச் சீவுவதும் தப்பு, முழம் நீளத்துக்கு முண்டு விடுவதும் தப்பு. வெட்டிய இடத்தில் பெயின்ட் அடிப்பதை மர வல்லுநர்கள் கைவிட்டு வெகுகாலம் ஆகிறது.

குச்சி வைப்பவர்களுக்கு இதிலிருந்து கிடைப்பது என்ன என்று கேட்டால்: இளம் குச்சி முதிர்ந்ததைவிடச் சுலபமாக வேர் விடும், செடி வயதாக ஆக அதன் செல்களின் இந்தத் திறன் குறைகிறது. இரண்டு இலையை விட்டு வையுங்கள், ஆக்சினும் சர்க்கரையும் அங்கிருந்துதான் வரும், பத்து இலை விட்டால் நீர் வற்றிவிடும். கணு ஒன்றாவது மண்ணுக்கு மேலே இருக்கட்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை இங்கே காற்றில் ஈரம் இருப்பதால் அதுதான் நல்ல காலம். இளநீர் ஊற்றலாமா என்று எங்கள் மாடிவீட்டு அக்கா உட்படப் பலர் கேட்கிறார்கள். குப்பிக்குள் கிருமி நீக்கிய சூழலில் செய்த வேலையை மண்தொட்டியில் எதிர்பார்க்க வேண்டாம், அந்தச் சர்க்கரைக்குப் பூஞ்சைதான் முதலில் வந்து சேரும். இளநீரை நீங்கள் குடியுங்கள்.

ஆய்வாளர்களுக்கு இது தோட்டச் சமாசாரத்தைவிடப் பெரிது. ஒரு பயிரின் மரபணுவைத் திருத்தினாலும், திருத்திய அந்தச் செல்லிலிருந்து முழுச் செடியை எடுத்தாக வேண்டும். பல பயிர்களில் வேலை மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். மக்காச்சோளத்தில் வுஷல், பேபி பூம் என்ற இரண்டு மரபணுக்களைக் கொஞ்ச நேரம் தூண்டிவிட்டு 2016-ல் ஒரு வழி கண்டார்கள், கோதுமைக்கு 2020-ல் இன்னொரு வழி. 2024-ல் சீனாவில் தக்காளியில் ரெஃப்1 என்ற ஒரு சின்னப் புரதத் துணுக்கைப் பிடித்திருக்கிறார்கள். காயத்தில் சுரந்து, பக்கத்துச் செல்லின் ஏற்பியைத் தட்டி, விண்ட்1 என்ற மரபணுவை எழுப்புகிறது. ஜப்பானின் ரிக்கென் ஆய்வகம் 2011-லேயே கண்டுபிடித்த மரபணு அது, காயம் பட்ட செல் தன் பழைய வேலையை விட்டுவிடுவதற்கான பொத்தான். இந்தத் துணுக்கை வெளியிலிருந்து ஊட்டியபோது தண்டு விட அடம்பிடிக்கும் பயிர்களிலும் பலன் கூடியது. இப்போதைக்கு அது குப்பிக்குள் நடக்கும் வேலை. நர்சரியில் கிடைப்பது அதே பழைய ஐ.பி.ஏ. பொடி, செம்பருத்திக்கும் மல்லிக்கும் அது தாராளம்.